வெள்ளச்சி காலையில் போடும் சத்தம்

திருத்துறைப்பூண்டி,
மாசி 3

அன்புள்ள மாப்ள,

பொங்கல் வாழ்த்துக்குக்கூட பதில் போடாதவன் இன்னிக்கு நாலு பக்கம் எழுத உக்காந்திருக்கான்னா என்னமோ ஆயிருக்குன்னு உனக்குத் தெரியும். பதறாதே. அப்பா பரவாயில்லை, வாரத்துல ரெண்டு நாள் திருவாரூர்ல டயாலிசிஸ் ஓடிக்கிட்டிருக்கு. சம்பா அறுத்தாச்சு. மொட்டைக்கு மூணாவதும் பொண்ணு. விருந்து எப்போடான்னு கேட்டா பழையபடி ‘புதன்கிழமை’ங்கிறான். குடும்ப நலம் முடிஞ்சுது, இனி உன்னைத் திட்டணும்.

நீ எனக்குத் தலையில கட்டின உன் பழைய கார் வெள்ளச்சியைப் பத்திதான். “மாமியா வீட்டுக்குப் போற பொண்ணு மாதிரி சத்தமே போடமாட்டா”ன்னு சொல்லிக் குடுத்தியே, ஞாபகம் இருக்கா? ஐப்பசி மழை ஆரம்பிச்சதுலேருந்து தினம் காலைல ஊரைக் கூட்டுறா. வாசல்லேருந்து ரிவர்ஸ் எடுத்து பிரேக்குல காலை வச்சா ‘கர்ர்ர்’ருன்னு ஒரு அரைப்பு. அம்மிக்கல்லுல கொட்டாங்கச்சியைத் தேச்ச மாதிரி. தெருமுனையில ஒண்ணு, மெயின் ரோடு ஏறுற இடத்துல ஒண்ணு. அதோட சரி. ஆலத்தம்பாடி தாண்டுறதுக்குள்ள பரம சாது. சாயங்காலம் திரும்பி வரும்போது சத்தமே கிடையாது. மறுநாள் காலைல மறுபடியும்.

டவுன்ல ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். டாக்டர் வாசலை மிதிச்சதும் ஜுரம் விடுமே, அதே கதை. அங்கே போய்ச் சேர்றதுக்குள்ள சத்தம் போயிடுச்சு. சட்டை அழுக்காகாத ஒரு தம்பி டெஸ்ட் டிரைவ்னு ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, சக்கரத்தைக்கூடக் கழட்டாம, “டிஸ்க், பேடு, பின்னாடி லைனர் எல்லாம் மாத்திடலாம் சார்”னு பதினாலாயிரத்துக்கு ஒரு தாளை நீட்டினான். கேக்காத சத்தத்துக்குப் பதினாலாயிரமாடான்னு வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.

அப்புறம் நானே ஆராய்ச்சியில இறங்கினேன். சிரிக்காதே. வயல் கணக்கு நோட்டுல கடைசிப் பக்கம் ஒதுக்கி, மழை, பனி, வெயில், சத்தம் எத்தனை தடவைன்னு பதினெட்டு நாள் எழுதினேன். மார்கழிப் பனி கொட்டின நாள்ல நாலஞ்சு தடவை. ராத்திரி காத்தடிச்சு வறண்டு கிடந்தா ஒரு தடவை, இல்லேன்னா அதுவும் இல்லை. முந்தின சாயங்காலம் வண்டி கழுவினா நிச்சயம் உண்டு. சக்கரத்தோட சுத்துற தட்டுதான் டிஸ்க், பிரேக் மிதிச்சா அதைக் கவ்வுறது பேடு. டிஸ்க்குங்கிறது வெறும் வார்ப்பிரும்புதானே, பேடு உரசுற முகத்துல பெயின்ட் அடிக்க முடியாது. ஈரம் பட்டா ஒரே ராத்திரியில துரு பூத்துடும். காலைல பேடு அதைச் சுரண்டுற சத்தம்தான் அது. உன் கோயம்புத்தூர்ல வண்டி போர்ட்டிகோவுல நின்னுச்சு. இங்கே எங்கே? 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜாவுல பறந்த கொட்டகையை நான் இன்னும் போடலை. தென்னை அஞ்சும் போன வெட்டவெளியில, வேதாரண்யத்து உப்புக்காத்து மூஞ்சியில அடிக்க நிக்கிறா பாவம். துரு பிடிக்காம என்ன பண்ணும்?

கண்டுபிடிச்சுட்டேன்னு ஒரு திமிர் வந்துச்சு பாரு, அதுலதான் மாட்டிக்கிட்டேன்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிஞ்சும் விடியாத நேரம், அப்பா பக்கத்துல, கச்சனம் தாண்டிப் போறோம். பனியில நாப்பதடிக்கு மேல தெரியலை. திடீர்னு ரோடு பூரா வாத்து. அறுத்த வயல்ல மேய விடுறதுக்குக் கிடையிலேருந்து ஓட்டிக்கிட்டு வர்றாங்க. நானூறு, ஐநூறு இருக்கும், கழுத்தை நீட்டிக்கிட்டு அவசரமே இல்லாம போகுது. அழுத்தி மிதிச்சேன். வண்டி நின்னுச்சு. ஆனா நேரா நிக்கலை மாப்ள. ஸ்டியரிங் என் கையை வலப்பக்கம் இழுத்துக்கிட்டுப் போச்சு, முன்சக்கரம் நடுக்கோட்டைத் தாண்டிடுச்சு. எதிர்ல ஒரு பஸ் வாத்துக்காக ஏற்கெனவே நின்னுக்கிட்டிருந்துச்சு. வாத்து புண்ணியம். அப்பா ஒண்ணும் சொல்லலை. கையில டயாலிசிஸ் ஊசி குத்துற ஃபிஸ்டுலா இருக்கிற பக்கத்தை மார்போட அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, “சத்தம் வரலியேடா”ன்னார். அது என்னமோ வயித்தைப் பிசைஞ்சுடுச்சு.

அன்னிக்கே பஸ் ஸ்டாண்டு பாய்கிட்ட போனேன். உனக்கு அந்தக் கடை தெரியும், நீ ஸ்கூட்டர் கிளட்ச் கேபிளுக்குக் கடன் வச்சுட்டுப் போனியே, அதே கடைதான் (இன்னும் கேக்குறார்). கதையைப் பூராக் கேட்டுட்டு, “காலைல வர்ற சத்தத்துக்கு மத்தியானம் வந்தா எப்படிப் பாக்குறது? ராத்திரி வண்டி இங்கேயே கிடக்கட்டும், விடிகாலைல வாங்க”ன்னார். யாருக்கும் தோணாத வைத்தியம்.

அஞ்சரைக்குப் போனேன். வண்டியைத் தொடவே இல்லை. டார்ச்சை வீல் ஓட்டைக்குள்ள அடிச்சு, “பாருங்க”ன்னார். டிஸ்க் முழுக்க ஆரஞ்சா, ராத்திரி கழுவி வச்ச தோசைக்கல் மாதிரி பூத்திருக்கு. பேடு ராத்திரி பூரா உக்காந்திருந்த இடம் மட்டும் அச்சு குத்தின மாதிரி கறுப்பா ஒரு பட்டை. என்னை ஓட்டச் சொல்லி மூணு தடவை பிரேக் போடவச்சார். கர்ர், கர்ர், கர். திரும்ப டார்ச் அடிச்சா எவர்சில்வர் தட்டு. என் நோட்டு ஜெயிச்சுடுச்சு.

வண்டி நகர்ந்தப்போ பின்னாடி ‘டொக்’குன்னு ஒண்ணு கேட்டுச்சு, அது தனிக் கதையாம். ஈரத்தோட வந்து ஹேண்டு பிரேக்கை இழுத்துப் போட்டுட்டுப் போனா, பின்சக்கரத்துல பிரேக் பிடிக்கிற லைனர், அதைச் சுத்தியிருக்கிற டிரம்மோட ஒட்டிக்கும். சமதளத்துல கியர்ல போட்டு ஒரு செங்கல்லை அண்டக் குடுத்தா போதும்னார். இப்போ டிக்கியில செங்கல் இருக்கு.

“இதெல்லாம் சத்தம் போடுறது. இழுத்துச்சுன்னீங்களே, அது வேற”ன்னுட்டு ஜாக்கி போட்டார். வலப்பக்கம் ரெண்டு பேடும் ஒரே கனம், பாதி இருந்துச்சு. இடப்பக்கத்தைக் கழட்டி என் கையில குடுத்தார். வெளிப்பேடு ஏழு மில்லிமீட்டர் இருக்கும். உள்பேடு? ரெண்டுகூட இல்லை, அஞ்சு ரூபா காசு மாதிரி. பேடை டிஸ்க்குல அழுத்துற காலிபர் நகர்றதுக்கு ரெண்டு ஸ்லைடு பின் இருக்கு. அதுல ஒண்ணு ரப்பர் உறை கிழிஞ்சு, தண்ணி போய், இறுகிப் போயிருக்கு. பிஸ்டன் தள்ளினா உள்பேடு மட்டும் டிஸ்க்குல படும், வெளிப்பேடு சும்மா வேடிக்கை பாக்கும். அதான் இடச்சக்கரம் பாதிதான் பிடிச்சிருக்கு, வண்டி வலப்பக்கம் ஓடியிருக்கு.

இப்போ உன் முறை. பேடு தேஞ்சா ‘கீச்’சுன்னு கத்திக் காட்டுறதுக்கு ஒரு சின்னத் தகடு வச்சிருப்பாங்க. நீ மாட்டினதுல அந்தத் தகடே இல்லைடா! வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிட்டு வந்து, பேடு போச்சுன்னு ரோட்டோரக் கடையில எதையோ வாங்கி மாட்டினேன்னு சொன்னியே, அது இதுதான். எவ்வளவு மிச்சம் பிடிச்ச? முந்நூறு? பிரேக் ஆயிலும் கருங்காப்பி நிறத்துல இருந்துச்சு. காத்துல இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சுமாம், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். நீ மாத்தினதே இல்லைன்னு பாய் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்றார். பாய் கற்பூரம் அடிப்பாரான்னு கேக்காதே.

பின்னை உருவி எமரி போட்டுத் தேய்ச்சு, அதுக்குன்னு இருக்கிற கிரீஸ் தடவி, ரப்பர் மாத்தி, ரெண்டு பக்கமும் தகடு வச்ச புதுப் பேடு, டாட் 4 ஆயில். கூலியோட நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. டிஸ்க்கை மாத்தவே இல்லை, நல்லாத்தான் இருக்குன்னுட்டார். முதல் இருநூறு கிலோமீட்டர் அழுத்தி மிதிக்காதீங்கன்னு மட்டும் சொன்னார்.

உன்மேல கோவம் இல்லைன்னு சொன்னா பொய். ரெண்டு நாள் இருந்துச்சு. போன் பண்ணாம இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம், சொல்லிட்டேன். அப்புறம் யோசிச்சா, சத்தத்துக்குப் பதினெட்டு நாள் கணக்கு எழுதினவன் ஒரு நாள் குனிஞ்சு சக்கரத்தைப் பாத்திருக்கலாமே. உன் புது வண்டியும் மூணு வருஷம் ஆச்சு. சத்தம் இல்லைன்னு இருந்துடாதே, அடுத்த சர்வீஸ்ல நாலு சக்கரத்தையும் கழட்டச் சொல்லி நீ பக்கத்துல நில்லு. உன் காசு முந்நூறை நான் தர்றேன்.

பனி நாள்ல இப்பவும் கத்துறா. அப்பா கட்டில்ல இருந்தே எண்ணுறார். “மூணு. இன்னிக்குப் பனி கம்மி”ங்கிறார்.

பத்து கிலோ அரிசி பஸ்ல போட்டுவிடுறேன். மாப்பிள்ளைச் சம்பாதான், வேற எதைப் போட்டா நீ ஒத்துக்குவ? ஸ்டெப்னிக்கு அடியில பாப்பாவோட ஒத்தைக் கொலுசு கிடந்துச்சு. மூட்டைக்குள்ள மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சிருக்கேன். தங்கச்சிகிட்டச் சொல்லு, டிரம்முல கொட்டுறதுக்கு முன்னாடி கையை விட்டுத் துழாவிப் பாக்கச் சொல்லு.

உன்
பஞ்சர்