தலைகீழாய்ப் பிடித்த கிட்டார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. எனக்கு இன்னும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

பேத்திக்கு இடது கைப் பழக்கம், கிட்டாரில் தந்திகளை மாற்றிக் கட்டலாமா என்று கேட்டிருந்தாயே. அதை அவளுடைய வாத்தியார்தான் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு பாட்டியின் கதை.

எலிசபெத் காட்டன், 1893-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக இருந்தபோது, அண்ணன் இல்லாத நேரம் பார்த்து அவருடைய பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை எடுத்து வாசிப்பாராம். இவருக்கும் இடது கைதான். தந்திகளை மாற்றிக் கட்டாமல் வாத்தியத்தையே தலைகீழாய்ப் பிடித்துவிட்டார்! அப்புறம் வீட்டுவேலை செய்து சேர்த்த காசில், 3.75 டாலருக்குச் சொந்தக் கிட்டார் வாங்கியபோதும் அந்தப் பிடி மாறவில்லை. மற்றவர்கள் கட்டைவிரலால் கனத்த தந்திகளை மீட்டுவார்கள். வாத்தியம் தலைகீழாய் இருந்ததால், இவர் கட்டைவிரலில் மெட்டு ஓடும். வீட்டருகே போன சரக்கு ரயிலைப் பற்றிப் பாட்டுக் கட்டியபோது வயது பன்னிரண்டு இருக்கலாம்.

சின்ன வயதிலேயே கல்யாணம், குழந்தை. இப்படிப் பாட்டெல்லாம் பாடக்கூடாது என்று தேவாலயத்தில் சொன்னார்கள். கிட்டாரை வைத்துவிட்டார். பல பத்தாண்டுகள் தொடவே இல்லை.

வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்த ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் நாட்டுப்பாடகியான பெக்கி சீகர். அந்த வீட்டிலேயே சமையலுக்கும் வேலைக்கும் சேர்ந்தார். பெக்கியின் அப்பா இசை ஆய்வாளர். அம்மா ஒலிப்பதிவுகளைக் கேட்டு நாட்டுப்பாடல்களுக்கு ஸ்வரம் எழுதியவர். அவர்கள் வீட்டு அடுப்படியிலேயே ஒரு பாட்டுக்காரி! சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து இவர் வாசித்ததைப் பெக்கி பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எனக்கு இந்த இடத்தில் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

பெக்கியின் அண்ணன் மைக் இவர் பாட்டைப் பதிவு செய்து, 1958-ல் முதல் இசைத்தட்டு வந்தது. பாட்டிக்கு வயது 65. கிராமி விருது 1985-ல் கிடைத்தது. 1987-ல் காலமானார்.

சரி, பேத்தி எப்படிப் பிடிக்கிறாள் என்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. அப்படியே, கல்லூரி நாளில் நீ பாட்டுக் கட்டி எழுதிய அந்தப் பச்சை அட்டை நோட்டு பரணில் இருக்கிறதா என்றும் பார். இரண்டாவது பாட்டின் சரணம் எனக்கு மறந்துவிட்டது.

உன்,
கடைசி பெஞ்சுத் தோழன்