ஆண்டாய்வு அறிக்கையில் என்ன இருக்கிறது: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வட்டாரக் கல்வி அலுவலர் நம் பள்ளிக்கு ஆண்டாய்வுக்கு வந்து சென்றதைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். பள்ளியை மூடப்போகிறார்கள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. மூடும்படி எவரும் சொல்லவில்லை. நிலைமை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

பதிவேடுகளில் குறை இல்லை. வருகைப் பதிவேடும் சத்துணவு இருப்பும் எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் உள்ள விவரமும் ஒத்துப்போகின்றன. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்ற பயம் எல்லாச் சிறு பள்ளிகளுக்கும் உண்டு. அதற்காக வராத பிள்ளைக்கு நாங்கள் வருகை போடுவதில்லை, போடவும் மாட்டோம்.

குறை வாசிப்பில்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார் அலுவலர். பலர் மடமடவென்று ஒப்பித்தார்கள். அதே சொற்களை இடம் மாற்றிக் கரும்பலகையில் எழுதியதும் நின்றுவிட்டார்கள். 'கொ', 'தோ' என்று கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில் தடுமாற்றம், மெய்யெழுத்து நடுவில் வந்தால் அதைவிடத் தடுமாற்றம். ஐந்தாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிப்பது பலருக்கு வரவில்லை. இந்த 2025-26 கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்கள் முதல் வகுப்பில் சேர வேண்டிய 2021 ஜூனில் கொரோனாவால் பள்ளிகள் பூட்டியிருந்தன. நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அந்த அடிப்படை இழப்பு இன்னும் தொடர்கிறது. நோட்டில் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அலுவலர் பாராட்டினார். எழுதியதை வாசிக்கத் தெரியவில்லை என்பதையும் அறிக்கையில் எழுதினார். அவர் எழுதியது உண்மை.

பாளையங்கோட்டைக்கு ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் வந்தது 1820இல். அந்தக் காலம் தொட்டு நெல்லைச் சீமையில் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் எழும்பியது, படிக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்பதற்காக. அந்த வழியில் வந்த, அரசு உதவிபெறும் நம் திருச்சபைப் பள்ளியில் மூன்று ஆண்டு படித்தும் ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் இருவர் பார்க்க வேண்டும். நமக்கோ அதில் ஓர் இடம் காலியாகி, புதிய நியமனத்துக்கு அரசின் ஒப்புதல் இன்னும் வரவில்லை. சபையார் காணிக்கையிலிருந்து சம்பளம் கொடுத்து, பாடம் நடத்த ஒரு தங்கையைத் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள். அவர் மனம்வைத்துச் செய்கிறார். ஆனாலும் நிரந்தர ஆசிரியர் வேண்டும் என்று தாளாளர் மீண்டும் மனு எழுதியிருக்கிறார்.

அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைப்பதை அறிவீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் அவமானம் ஒன்றுமில்லை. அரும்பில் இருக்கும் பிள்ளையை மலர் என்று பதிவதுதான் துரோகம். அடுத்த திங்கட்கிழமை முதல் மாலை ஐந்து மணி வரை வாசிப்பு வகுப்பு நடக்கும். அரும்பில் இருப்பவர்களை நானே எடுத்துக்கொள்கிறேன்.

வடபுற ஓட்டு வகுப்பறையைப் பூட்டச் சொல்லியிருக்கிறார்கள். நான்கும் ஐந்தும் ஏன் ஆலய மண்டபத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஓர் உதவிபெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டட உறுதிச் சான்று கிடைக்கும்வரை அந்த அறைக்குள் ஒரு பிள்ளையும் போகாது.

உங்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. சுற்றிய பீடியைக் கொடுக்கப் பீடிக் கடைக்குப் போகும் நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவை வீட்டில் நிறுத்திவிடுகிறீர்கள். உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் பாடத்தில் பின்தங்கி நிற்பவர்களில் பலர் அந்த அக்காக்கள்தான். தம்பியையும் கூட்டிக்கொண்டு வரட்டும், மண்டபத்தில் ஓர் ஓரமாக இருக்கட்டும். 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டதால், அடுப்பு பற்ற நேரமாகிவிட்டது என்று பிள்ளையை நிறுத்தவும் காரணமில்லை.

ஆங்கிலவழிப் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்ற நினைப்பவர்களைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டால் அன்றே தருவேன். அதற்கு முன் ஒருமுறை வகுப்பில் வந்து உட்கார்ந்து, உங்கள் பிள்ளை வாசிப்பதை நீங்களே கேளுங்கள். அங்கே சேர்த்தாலும் இந்தக் குறை பிள்ளையோடுதான் போகும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆய்வறிக்கை முழுவதையும் வாசிப்போம். நம் வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான போதகர் சேகரகுரு அய்யாவும் இருப்பார். குழு உறுப்பினர்கள் மட்டுமல்ல, எல்லோரும் வரலாம், கேட்க நினைப்பதைக் கேட்கலாம். வர இயலாதவர்கள் காலையில் பிள்ளையை விட வரும்போது சொன்னால் அறிக்கையைக் கையில் தருகிறேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை