டவர் ஒருவருக்கு, அலைக்கற்றை ஒருவருக்கு: டிராய்க்குக் குமரி மாவட்டத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் ரீசார்ஜ் கடை நடத்துகிறவர்களும் டவர் பராமரிப்பு வேலை பார்க்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒரு வட்டாரச் செல்போன் நிறுவனத்தின் உரிமம், அலைக்கற்றை, டவர், கடன் ஆகியவை யார் யார் கையில் இருக்கின்றன என்பதை, நிறுவனம் நன்றாக ஓடும்போதே சர்க்கிள் (தொலைத்தொடர்பு உரிமம் தரப்படும் பகுதி) வாரியாகத் தமிழில் வெளியிட வைக்க வேண்டும். படுத்த பிறகு தெரிந்து யாருக்கும் பயனில்லை.

மூடிப்போன ஏர்செல் செல்போன் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் தொழிலதிபர் சிவசங்கரன் தமிழ்நாட்டில் தொடங்கினார். 2003இல் சென்னையின் ஆர்பிஜி செல்லுலார் நிறுவனத்தை வாங்கினார்கள். 2006இல் மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் 74 சதவீதப் பங்கை எடுத்தது. மீதி 26 சிந்தியா செக்யூரிட்டீஸிடம் இருந்தது. சிம் அட்டையில் பெயர் ஒன்று, உள்ளே கம்பெனி மூன்று: ஏர்செல் லிமிடெட், ஏர்செல் செல்லுலார், டிஷ்நெட் வயர்லெஸ். 2010இல் 17,500 டவர்களைச் சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு ஜிடிஎல் இன்ஃப்ரா என்ற டவர் கம்பெனிக்கு விற்கப்போவதாக அறிவித்து, சொந்த டவரில் இருந்தவர்கள் வாடகைதாரர்களானார்கள். 2016இல் தமிழ்நாடு உட்பட எட்டு சர்க்கிள்களின் 4ஜி அலைக்கற்றை 3,500 கோடிக்கு ஏர்டெலிடம் போனது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடனான இணைப்பு 2017 அக்டோபரில் முறிந்தது. 2018 பிப்ரவரி கடைசியில் திவால் மனு. தமிழ்நாட்டில் சிக்னல் போனதோ அந்த மனுவுக்கும் சில நாள் முன்பே.

ஏன் முன்பே போனது என்பதை டவர் அடியில் நின்று பார்த்தால் புரியும். இரும்புக் கோபுரம், 48 வோல்ட் பேட்டரி வரிசை, ஜெனரேட்டர், மின் இணைப்பு எல்லாம் டவர் கம்பெனிக்குச் சொந்தம். மேலே தொங்கும் ஆன்டெனாவும் ரேடியோப் பெட்டியும் செல்போன் நிறுவனத்துடையவை. அங்கிருந்து போகும் ஃபைபர் பெரும்பாலும் மூன்றாவது ஆளுடையது. நிலம் நான்காவது ஆளுடையது. டவரில் இடம் எடுத்த ஒவ்வொரு செல்போன் நிறுவனத்துக்கும், அதாவது வாடகைதாரருக்கும், தனி பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உண்டு. வாடகை பாக்கி ஏறினால் டவர் கம்பெனி அந்த ஒரு பிரேக்கரை மட்டும் கீழே இறக்கிவிடும். அதே கோபுரத்தில் பக்கத்து நிறுவனம் வழக்கம்போல ஓடும். வாடிக்கையாளர் போன்தான் பழுது என்று நினைத்து கடைக்கு வருவார், சிம்மை மாற்றிப் பார்ப்பார், புதுப் போன்கூட வாங்குவார். பழுது பிரேக்கரில் இருக்கிறது, அதற்கும் பின்னால் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

களியக்காவிளைப் பக்கம் இன்னொரு சிக்கல். எல்லையைத் தாண்டினால் கேரள சர்க்கிள், வேறு உரிமம். அங்கே சொந்த உரிமம் இல்லாத நிறுவனம் இன்னொருவரின் டவரில் ரோமிங்கில்தான் நிற்க முடியும். அந்த ரோமிங் பாக்கி தேங்கினால் பாறசாலையில் வேலைக்குப் போகிறவருக்கு முதலில் சிக்னல் அறும்.

இப்போது போர்ட் விஷயம், அதாவது எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போவது. இதில்தான் உங்கள் விதியில் பெரிய ஓட்டை இருக்கிறது. 2019 டிசம்பர் 16க்கு முன்பு எட்டு எழுத்து போர்ட் குறியீட்டைப் பழைய நிறுவனமே உருவாக்கியது. அதை போர்ட்டிங் சேவை நிறுவனத்திடம் மாற்றினீர்கள். நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் குறியீடு கேட்டு 1900க்கு அனுப்பும் எஸ்எம்எஸ் இன்றும் பழைய நிறுவனத்தின் சிக்னலில்தான் போக வேண்டும். சிக்னலே இல்லாதவர் எதில் அனுப்புவார்? 2018இல் ஏர்செல்காரர்கள் போர்ட் செய்ய நீங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் கொடுத்தும், கையில் செத்த சிம்மோடு கடை வாசலில் கூட்டம் நின்றது. அந்த எண்ணில்தான் வங்கி ஓடிபி, ஆதார், எரிவாயு பதிவு எல்லாம். குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் கடலுக்குப் போனவர் கரை திரும்புவதற்குள் அவகாசம் கழிந்துவிடலாம்.

சேவையை விட்டு விலகும் நிறுவனம் 60 நாள் முன்பு அரசுக்கும் 30 நாள் முன்பு வாடிக்கையாளருக்கும் அறிவிக்க வேண்டும் என்று உரிமத்தில் இருக்கிறது. அது தானாக உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பவருக்கு. பணம் கட்டாமல் டவர் டவராக அணைகிறவர் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை, ஆகவே நோட்டீஸும் வராது. டவர் முடக்க நேரம் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உங்கள் சொந்தத் தர அளவுகோல். ஒரு சர்க்கிளில் அது 10 சதவீதத்தைத் தொட்டால் அவசர போர்ட் தானாகத் திறக்கட்டும்: எந்த நிறுவனத்தின் கடையிலும் ஆதார் கைரேகை வைத்து, மாற்று எண்ணுக்குக் குறியீடு வரட்டும், ஒரு நிறுவனத்தில் 90 நாள் இருந்த பிறகுதான் போர்ட் செய்யலாம் என்ற நிபந்தனையும் பார்க்க வேண்டாம்.

பணத்துக்கு வருகிறோம். நிறுவனத்துக்கு முன்பணம் கட்டுகிறவர் டிஸ்ட்ரிபியூட்டர். அவரிடம் பணம் கொடுத்து கடை சிம்மில் பேலன்ஸ் ஏற்றிக்கொள்கிறவர் கடைக்காரர். நிறுவனம் திவாலானால் அந்தப் பேலன்ஸ் அப்படியே நிற்கும். திவால் சட்டப்படி சேவைக் கடன்காரர், அதாவது பொருள் அல்லது சேவை வகையில் பணம் வர வேண்டியவர், படிவம் பியில் கோர வேண்டும். அறிவிப்பில் கிடைக்கும் அவகாசம் 14 நாள். அறிவிப்பு வருவது நிறுவனத்தின் பதிவு அலுவலகமும் தலைமை அலுவலகமும் இருக்கும் ஊர்ச் செய்தித்தாளில். மற்ற ஊர்களில் போடுவது திவால் அலுவலரின் முடிவு. கடைக்காரரிடம் இருப்பதோ டிஸ்ட்ரிபியூட்டர் கொடுத்த ரசீது, சில நேரம் அதுவும் இல்லை. அதனால் நிறுவனத்தின் கடன்காரர் பட்டியலில் அவர் பெயரே ஏறாது. ஏறினாலும் வங்கிகளுக்குப் பின்னால்தான் வரிசை. விற்ற டாப்அப் மதிப்பையும் வாடிக்கையாளரின் மீதிப் பணத்தையும் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள். கடன் கொடுத்த வங்கி அதைத் தொடக் கூடாது.

டவருக்கு நிலம் கொடுத்தவர்களின் குத்தகை டவர் கம்பெனியோடு. பல ஒப்பந்தங்களில் இடையில் விலகும் உரிமை கம்பெனிக்கு மட்டும்தான். பேச்சிப்பாறைப் பக்கம் ஒரே வாடகைதாரரை நம்பி நிற்கும் டவரில் அவர் போனால் நில வாடகையும் நிற்கும், சுற்றியிருக்கும் குடியிருப்புக்குச் சிக்னலும் நிற்கும். அப்படிப்பட்ட டவர்களின் பட்டியலை உங்கள் அறிக்கையில் தனியாகப் போடுங்கள்; அந்த இடங்களில் மற்ற நிறுவனங்களின் ரோமிங்கைக் கட்டாயமாக்குங்கள்.

நாங்கள் கேட்கும் வெளியீடு ஒரே பக்கம் போதும்: உரிமம் வைத்திருக்கும் கம்பெனியின் பெயர், அதன் பங்குதாரர்கள், அலைக்கற்றை எந்த ஆண்டு வரை, டவர்களில் சொந்தம் எத்தனை வாடகை எத்தனை, வாடகை பாக்கி எத்தனை மாதம், ரோமிங் யாரோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ரீசார்ஜ் கடைகளில் ஒட்டக் கொடுத்தால் ஒட்டிவைக்கிறோம்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்ட ரீசார்ஜ் கடைக்காரர்களும் டவர் பராமரிப்புப் பணியாளர்களும்