வாசகர் வட்டம்: 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுக்க ஒரே விஷயத்தை எடுத்துப் பேசுவோம் என்று போன பொதுக்குழுவில் முடிவு செய்தோம். செயற்கை நுண்ணறிவு இன்னும் வலுத்துக்கொண்டே போனால் அதை யார் மேற்பார்ப்பது, அதற்கு எப்படிப்பட்ட அமைப்பு வேண்டும் என்பதுதான் அந்த விஷயம். "நூலக மாடி ஒழுகுது, நமக்கு எதுக்குங்க இது?" என்று அன்றைக்கே இரண்டு பேர் கேட்டார்கள். மாடி இன்னும் ஒழுகுகிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பன்னிரண்டு கூட்டங்களில் பத்துதான் நடந்தன. மே மாதம் வெயிலும் நவம்பரில் மழையும் இரண்டைக் கொண்டுபோய்விட்டன. வழக்கமாக இருபது பேர் வருவார்கள். பிப்ரவரிக் கூட்டத்துக்கு மட்டும் பக்கத்து டீக்கடையிலிருந்து பெஞ்சு வாங்கிப் போட வேண்டியிருந்தது. அன்றைக்கு எடுத்துக்கொண்டது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தில் நடந்த பதவி நீக்கம். செயற்குழு, தலைவர், நீக்கம் என்றால் நம் ஆட்களுக்குத் தனி ஆர்வம் வந்துவிடுகிறது.

2023 நவம்பர் 17 அன்று அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழு தலைமை நிர்வாகி சாம் ஆல்ட்மனை நீக்கியது. அது லாப நோக்கமில்லாத அமைப்பின் குழு. முதலீட்டாளருக்கு அல்ல, மனிதகுலத்துக்கே முதல் கடமை என்று எழுதிவைத்துக்கொண்ட குழு. ஊழியர்கள் சுமார் 770 பேரில் 700 பேருக்கு மேல் "அவர் இல்லையென்றால் நாங்களும் கிளம்புகிறோம்" என்று கையெழுத்துப் போட்டார்கள். வந்தால் வேலை தருகிறோம் என்று, அதில் பெரிய முதலீடு போட்டிருந்த மைக்ரோசாஃப்ட் கதவைத் திறந்து வைத்தது. ஐந்தே நாளில் ஆல்ட்மன் திரும்பிவிட்டார். நீக்கிய நால்வரில் மூவர் குழுவை விட்டுப் போனார்கள். நீக்கியது சரியா தவறா என்று எட்டரை மணிவரை வாக்குவாதம் ஓடியது. ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம். அதிகாரம் காகிதத்தில் ஒரு பக்கம் இருந்தது, பணமும் ஆள்பலமும் வேறு பக்கம் இருந்தன. நிறுவனத்துக்குள்ளேயே காவல் வைப்பது போதாது என்று அன்று பலருக்கும் தோன்றியது.

அப்படியானால் வெளியிலிருந்து யார்? ஜூன், ஜூலை இரண்டு கூட்டங்களும் இதற்கே சரியாகிவிட்டன. எல்லோர் வாயிலும் வரும் உதாரணம் வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமை. 1957 இல் தொடங்கியது. ஆய்வாளர்கள் நேரில் போய் யுரேனியத்தைக் கணக்கெடுப்பார்கள், முத்திரை வைப்பார்கள், கேமரா பொருத்துவார்கள். இதை விளக்கியவர், மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர். அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: "முப்பது வருஷம் மீட்டர் பார்த்தேன். வீட்டுக்காரர் சொல்ற நம்பரை எழுதிக்கிட்டு வந்தா நான் எதுக்கு? உள்ளே போய்ப் பார்க்க உரிமை இருக்கணும். கதவு பூட்டியிருந்தா 'டோர் லாக்'னு எழுதணும். மூணு தடவை டோர் லாக் வந்தா மேலே சொல்லணும். இவ்வளவுதான் வேலை."

ஈராக்கில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான் என்றார் அவர். முகமையின் ஆய்வாளர்கள் முறையாகப் போய் வந்துகொண்டிருந்த துவைதா அணு ஆய்வு வளாகத்திலேயே ரகசிய அணு ஆயுத வேலையும் நடந்திருக்கிறது. அரசு காட்டிய கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 1991 போருக்குப் பிறகுதான் குட்டு உடைந்தது. அதனால்தான் 1997 இல் கூடுதல் நெறிமுறை வந்தது. அதை ஏற்ற நாடுகளில், அறிவிக்காத இடங்களையும் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்க்கலாம். முகமை தொடங்கி நாற்பது வருஷம் கழித்து இது வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

யுரேனியத்தை எடை போடலாம், மென்பொருளை எப்படி எடை போடுவது என்று பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பதிலும் அவரே தேடிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வந்தார். மென்பொருளை நகலெடுத்து எங்கும் கொண்டுபோகலாம். ஆனால் பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரி (மாடல்) ஒன்றைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கில் சில்லுகள் (சிப்) வேண்டும், ஒரு ஊருக்கான மின்சாரம் வேண்டும். மிக நுண்ணிய சில்லுகளை அச்சடிக்கும் இயந்திரத்தை உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான் செய்கிறது. எண்ணுவதற்குப் பொருள் இருக்கிறது என்றால் எண்ணலாம்தானே? கணக்கீட்டாளர் முகத்தில் அன்று அப்படி ஒரு மகிழ்ச்சி.

மறுப்பும் வந்தது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில், ஏற்கெனவே குண்டு வெடித்துப் பார்த்த ஐந்து நாடுகளுக்குச் சலுகை, மற்றவர்களுக்குத்தான் சோதனை. ஒரே பந்தியில் ஒருவருக்கு வாழை இலை, ஒருவருக்குத் தையல் இலை. இதிலும் அப்படித்தான் ஆகும் என்று அரிசி மண்டி அண்ணாச்சி சொன்னார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

உலக நடப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் பாரிஸில் நடந்த செயற்கை நுண்ணறிவு மாநாட்டின் அறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்துப் போடவில்லை. ஆகஸ்டில் ஐ.நா. பொதுச்சபை 40 பேர் கொண்ட அறிவியல் குழு ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. அது அறிக்கை எழுதும், கதவைத் தட்டாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பயிற்சிக்குச் செலவாகும் கணக்கீடுகளின் எண்ணிக்கையில் ஒன்றுக்குப் பின் 25 சுழி என்று கோடு போட்டு, அதைத் தாண்டிப் பயிற்றுவித்த மாதிரிகளுக்குக் கூடுதல் பொறுப்பு வைத்திருக்கிறது. அந்த நிறுவனங்களுக்கு அபராதம் போடும் அதிகாரம் 2026 ஆகஸ்டிலிருந்துதான். கலிஃபோர்னியா செப்டம்பரில் ஒரு சட்டம் போட்டது. பெரிய விபத்து நடந்தால் நிறுவனம் அரசுக்குச் சொல்ல வேண்டும், உள்ளே இருந்து உண்மை சொல்லும் ஊழியருக்குப் பாதுகாப்பு உண்டு. என் கட்சி இந்தக் கடைசிப் பிரிவுதான். ஆய்வாளர் வருவதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர் உள்ளே வேலை பார்ப்பவர்தான். நம் தமிழ்நாடு அரசும் 2020 இலேயே இதற்கென ஒரு கொள்கை வெளியிட்டது, மக்கள் பயன்பாட்டுக்கு விடும் முன் மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும் என்று. கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான்.

இனி வீட்டு விஷயம். ஆகஸ்ட் கூட்டத்தில், நிறுவனங்கள் தங்கள் மாதிரிகளைத் தாங்களே சோதித்துத் தாங்களே சான்று தருவதைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நம்ம தணிக்கையாளர் யாரு?" கூடம் அமைதியாகிவிட்டது. நான்கு வருஷமாக நம் கணக்கைத் தணிக்கை செய்தவர் பொருளாளரின் மைத்துனர். கணக்கில் ஒரு ரூபாய் பிசகில்லை. இருந்தாலும் பில் புத்தகத்தைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "மாமா கணக்கு சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். 1975 ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் பதிவாளரிடம் நாம் கொடுக்கும் கணக்கு அதுதான். செயலாளர் என்ற முறையில் இதில் பாதித் தவறு என்னுடையது.

அப்புறம்தான் செப்டம்பரில் உத்திரமேரூர் போனோம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள். எழுத்து எங்களுக்குப் பிடிபடவில்லை, அச்சான பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய உறவினர் பெயரும் கூடாது. உறவைப் பொதுவாகச் சொல்லி விட்டுவிடாமல், மாமனார், மைத்துனன், மருமகன் என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபை அது, பெருமை பேசுவதற்கு முன் இதையும் சொல்ல வேண்டும் என்று ஆசிரியை வேனில் சொன்னார். சரிதான்.

டிசம்பரில் தணிக்கையாளரைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். பித்தளைக் குடம், உறுப்பினர் பெயர் எழுதிய 54 சீட்டு, எடுத்தது காப்பாளரின் ஐந்து வயதுப் பேத்தி. முதல் சீட்டைப் பிரித்தால் அதே மைத்துனர். அவர் பெயரைக் குடத்திலிருந்து விலக்க வேண்டும் என்பது யாருக்கும் நினைவில் இல்லை, உத்திரமேரூர் வரை போய் வந்தும்! சிரித்து ஓய்ந்து, பொருளாளர், செயலாளர் இருவரின் உறவினர் சீட்டுகளையும் எடுத்துவிட்டு மறுபடி குலுக்கினோம். ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் பெயர் வந்தது. மறுநாளே வீட்டுக்கு வந்து பில் புத்தகத்தைக் கேட்டார். டீ செலவில் இரண்டு பில் இல்லை என்று எழுதியிருக்கிறார். அந்த 140 ரூபாயை நான் கட்டிவிட்டேன்.

வரவு செலவு: ஆரம்ப இருப்பு 3,150, சந்தா 41 பேரிடம் தலா 300 வீதம் 12,300, நன்கொடை 2,000, ஆக 17,450 ரூபாய். செலவு 14,280. கையிருப்பு 3,170. வேன் வாடகை போனவர்களிடமே வசூலித்தது, இதில் சேராது. சந்தா பாக்கி 13 பேர், பெயர் படிக்கவில்லை.

மாடி ஒழுகல் பற்றி நூலகத் துறைக்கு மூன்று மனு கொடுத்திருக்கிறோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. மூன்று தடவை டோர் லாக். நான்காவது மனுவை மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுக்க வரும் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிளம்புகிறோம். வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.