எனக்கென்ன கசக்கிறதா?

அன்புள்ள பங்காளிக்கு,

கடிதம் கிடைத்தது. மகனுக்கு ஸ்பெயினில், வலென்சியாவில் பெண் அமைந்ததும், ஜனவரியில் சம்பந்தி வீட்டார் மதுரைக்கு வரப்போவதும் படித்து ரொம்ப சந்தோஷம். அதைவிட, இந்த வயதில் நீ ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்ததைத்தான் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். இங்கே மெக்சிகோவில், புவேப்லாவில் மழை இன்னும் விட்டபாடில்லை. போபோகாதேபெத்ல் எரிமலை வழக்கம்போலப் புகைகிறது. ஊரில் யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.

'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 'யோ குஸ்தோ' என்று எழுதினால் டீச்சர் ஏன் கோடு போட்டு அடித்துவிடுகிறார் என்று கேட்டிருந்தாய். 'யோ' என்றால் நான். 'யோ கோமோ' நான் சாப்பிடுகிறேன், 'யோ ஆப்லோ' நான் பேசுகிறேன். அந்தக் கணக்கில் நீ எழுதியது சரி மாதிரிதான் தெரியும். ஆனால் 'குஸ்தார்' என்ற வினைக்கு, பிடித்த பொருள்தான் எழுவாய். பிடித்துப்போன ஆள் 'எனக்கு, உனக்கு' என்று ஓரமாக நிற்பார். 'மே குஸ்தா எல் கஃபே': 'மே' என்பது 'எனக்கு'. நீ இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு போகிறாய். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை முடிந்தது.

பாதிதான். நாம் 'எனக்கு அவளைப் பிடிக்கும்' என்கிறோம். அந்த 'ஐ' அங்கே கிடையாது. அதனால் 'பிடிக்கும்' என்பதைவிட 'ருசிக்கும்' என்று மனசில் வைத்துக்கொள். காபி எனக்கு ருசிக்கிறது, பழங்கள் எனக்கு ருசிக்கின்றன. லத்தீன் மூலத்துக்கே ருசி பார்ப்பது என்றுதான் பொருள். 'சும்மா கொடுத்தால் எனக்கென்ன கசக்கிறதா?' என்று கேட்போமே, அதே கட்டுதான்.

ஒருமைக்கு குஸ்தா, பன்மைக்கு குஸ்தான். செப்டம்பர் வரை இங்கே சிலேஸ் என் நோகாதா காலம். பெரிய பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, கொத்துக்கறியோடு ஆப்பிள், பேரி, பீச் சேர்த்து அடைத்து, மேலே வெள்ளை வெளேரென்று வால்நட் சாறு ஊற்றி மாதுளை முத்து தூவுவார்கள். மெக்சிகோ கொடியின் மூன்று நிறமும் தட்டில் இருக்கும். மிளகாய்கள் பன்மை, அதனால் 'மே குஸ்தான்'. ஆனால் சாப்பிடுவது, தூங்குவது என்று செயல்களை அடுக்கினால் எத்தனை சொன்னாலும் ஒருமைதான்: 'மே குஸ்தா கோமேர் இ தோர்மீர்'. உன் விஷயத்தில் அந்த ஒரு வாக்கியமே போதும்.

சம்பந்தியம்மா 'மே குஸ்தா' என்று எதையாவது சொன்னால், 'யோ தம்பியேன்' என்று தலையாட்டாதே. அது 'நானும்'. அங்கே வேண்டியது 'எனக்கும்': 'ஆ மீ தம்பியேன்'. பிடிக்காததற்கு 'ஆ மீ தம்போகோ'. எனக்குத் தலை வலிக்கிறது என்பதும் இதே வழிதான், 'மே துயேலே லா கபேஸா'. வலென்சியாக்காரர்கள் 'கபேதா' என்பது போல நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். உங்கள் எல்லாருக்கும் பிடிக்கிறதா என்று நாங்கள் இங்கே 'லேஸ் குஸ்தா' என்று கேட்போம்; ஸ்பெயினில் நெருங்கியவர்களிடம் 'ஓஸ் குஸ்தா'. அதை உன் டீச்சர் சொல்கிறபடியே பிடித்துக்கொள், என்னைக் கேட்டால் மெக்சிகோ வாடைதான் அடிக்கும்.

இப்போது முக்கியமான சமாச்சாரம். வரவேற்பில் சம்பந்தியைப் பார்த்து 'மே குஸ்தாஸ்', அதாவது 'எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது' என்று சொல்லப்போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம்! அது காதலிப்பவர்கள் சொல்வது. ஒரு மனுஷரை நல்ல மாதிரி என்று சொல்ல 'மே காயே பியேன்' இருக்கிறது. 'காயேர்' என்றால் விழுவது. அவர் எனக்கு நல்லபடியாக விழுகிறார் என்று கணக்கு. ஏன் விழவேண்டும் என்று என்னைக் கேட்காதே. அடித்துவிட்ட உன் 'யோ குஸ்தோ'வும் ஒருவகையில் இதே வம்புதான். 'யோ தே குஸ்தோ' என்றால் 'உனக்கு என்னைப் பிடித்திருக்கிறது' என்று ஆகும். கல்யாண வீட்டில் நீ அப்படி அறிவித்தால் தங்கச்சி சும்மா விடுமா?

ஒரு விதிவிலக்கு. இங்கே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ போனால், 'குஸ்தா?' என்று கேட்பார்கள். நம் ஊரில் 'வாங்க, சாப்பிடலாம்' என்று ஒரு வார்த்தைக்குச் சொல்வதில்லையா, அதேதான். இதில் மட்டும் ஆள்தான் எழுவாய், ருசி பார்க்கிறீர்களா என்ற பழைய பொருள். 'கிராசியாஸ், ப்ரோவேச்சோ' (நன்றி, நல்லாச் சாப்பிடுங்க) என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நிஜமாகவே உட்கார்ந்துவிட்டால் சங்கடம்.

சாப்பாட்டுக்கு நீ கவலைப்பட வேண்டாம். வலென்சியாக்காரர்கள் சோற்று ஆட்கள். அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல்வயல்தான். பாயெல்லா என்பது அவர்கள் ஊர்ச் சோற்றுப் பண்டம். பிரியாணியை மட்டும் 'உங்கள் பாயெல்லா மாதிரி' என்று சொல்லி வைக்காதே. அதில் அவர்களுக்கு ரோஷம் அதிகம்.

வரவேற்புரையை எழுதி அனுப்பு, பார்த்துத் தருகிறேன். நாங்கள் பொங்கலுக்கு முந்தின வாரம் வருகிறோம். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி