அந்தப் படத்துக்குப் பதில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அங்கே குளிர் தொடங்கிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிடாதே. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பங்குனியில் நீ அனுப்பிய படம், வின்செஸ்டர் பேராலயத்தில் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டனின் கல்லறை, இன்னும் என் போனில் இருக்கிறது. ஒரு வார்த்தைகூட எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாய். நானும் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டேன். அப்புறம் நீ பேசுவதெல்லாம் அப்பாவிடம்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். 1817 ஜூலை 18, வயது 41. அவளுடைய இரக்கம், இனிய குணம், அறிவு எல்லாம் கல்லில் இருக்கிறது. எழுதிய ஒரு நாவலின் பெயர்கூட இல்லை. இருபது வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியவளுக்கு மனசு பொறுக்குமா? லைப்ரரியிலிருந்து அவள் வாழ்க்கை வரலாற்றை எடுத்து வந்தேன்.

1802 டிசம்பரில் மேனிடவுன் மாளிகையில் தோழிகளோடு தங்கப் போயிருக்கிறாள். அவர்களுடைய தம்பி ஹாரிஸ், 21 வயது, பெரிய சொத்துக்கு வாரிசு. கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். சரி என்றாள். விடிந்ததும் முடியாது என்று சொல்லிவிட்டு அக்காவோடு வண்டியேறிவிட்டாள். அவளுக்கு 27 ஆகப் போகிற நேரம், கையில் காசு கிடையாது. 1805-இல் அப்பா போனதும் அம்மாவும் இரண்டு பெண்களும் ஆண்பிள்ளைகள் கொடுத்ததை நம்பித்தான் காலம் தள்ளினார்கள். 1809-இல் ஒரு அண்ணன் சாட்டனில் வீடு கொடுத்தார். அங்கே உட்கார்ந்துதான் மறுபடி எழுதினாள். 1811-இல் முதல் நாவல் வந்தது, அதுவும் பெயர் போடாமல். பிரியமில்லாமல் கட்டிக்கொள்வதைவிட வேறு எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று 1814-இல் அண்ணன் மகளுக்கு எழுதியிருக்கிறாள்.

புத்தகத்தில் அந்த வண்டி வரும் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். பாத் நகரத்து வீட்டுக்குத் திரும்பியவளைப் பார்த்து அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாளோ? நான் திருப்பிக்கொண்டேன். பூ வைத்த மறுநாள் காலையில் நீ அடுப்படியில் வந்து நின்று, வேண்டாம்மா என்றாய். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைப் பற்றிப் பேசினேன். பெரிய அத்தை முகத்தில் எப்படி விழிப்பது என்று பேசினேன். நீ கிளம்பிய அன்று முட்டிவலி என்று சொல்லி ஏர்போர்ட்டுக்கும் வரவில்லை. வலி இல்லை பாப்பா.

தனியாகப் போய், வார்டில் கால் கடுக்க நின்று, வீட்டுக் கடனை அடைத்தவள் நீ. தெருவெல்லாம் சொல்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. ஆனாலும் எட்டு மாதம் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணாமல் இருந்தது தப்புதான்.

ஏன் என்று இப்போது கேட்கிறேன். சொல்லத் தோன்றினால் சொல். இல்லாவிட்டால் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன், அதற்காவது பதில் போடு. நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் பார்சலில் போட்டிருக்கிறேன். டியூட்டி முடிந்து வந்தால் ஒரு பிடி சோறாவது வைத்துக் கலந்து சாப்பிடு, வெறும் வயிற்றோடு படுக்காதே.

அம்மா