பழைய ஆலயத்தைப் புதுப்பிக்கப் போகும் பங்குப் பேரவையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தையருக்கும் பேரவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜூபிலி ஆண்டு நெருங்கினாலே பழைய ஆலயங்களுக்குக் கண்டம் வந்துவிடுகிறது. நன்கொடை திரள்கிறது, சாரம் எழுகிறது, நூற்றாண்டு கண்ட சுண்ணாம்புக் காரையைக் கொத்தித் தள்ளிவிட்டுச் சிமெண்ட் பூசி எனாமல் அடித்துவிடுகிறார்கள். நன்கொடையாளர் பெயர்ப்பலகை மட்டும் சலவைக்கல்லில்!

முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருப்பதுதான் வழக்கமான சாக்கு. பழைய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சினாலும் காற்றில் உலர்த்திவிடும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் அதற்கு வழிவிடுகின்றன. சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. உள்ளே சிக்கிய ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. அதில் கரைந்துவரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லைத் தின்கிறது. சில மழைக்காலம் கழித்து அந்தச் சுவரைத் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருப்பது ஓசையிலேயே தெரியும். எனாமல் கொப்புளித்து நிற்கும். அதைச் சுரண்டினால் செங்கல் செம்மண்ணாக உதிரும். காரை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது பழைய கொத்தனார்களின் கணக்கு. காரை தேய்ந்தால் மறுபடி பூசலாம், செங்கல் தேய்ந்தால் என்ன செய்வது?

அடுத்தது பலிபீடம். "இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1960-களில் கூடிய உலகக் கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றம்) சொல்லிவிட்டது" என்று சுவரோடு ஒட்டிய பழைய பீடங்களை இடித்தவர்கள் உண்டு. குருவானவர் மக்களை நோக்கித் திருப்பலி நிறைவேற்ற வசதியாகப் பீடம் சுவரை விட்டு விலகியிருப்பது நல்லது என்றது, சங்கத்தின் திருவழிபாட்டு ஏட்டை நடைமுறைப்படுத்த 1964-இல் வந்த வழிமுறை. இருப்பதை இடியுங்கள் என்று அது சொல்லவில்லை. சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடோ, ஆலயத்தின் விலைமதிப்புள்ள கலைப்பொருள்கள் கைமாறாமலும் சிதறாமலும் பார்த்துக்கொள்ளுமாறு ஆயர்களையே எச்சரிக்கிறது. அதன் 126-ஆம் பத்தியை எந்த ஒப்பந்தக்காரரும் படித்ததாகத் தெரியவில்லை.

உளி விழுவதற்கு முன் ஆலயத்தை அளந்து வரையுங்கள், படமெடுங்கள். அடைத்துக் கட்டிய ஜன்னலும், ஒரே சுவரில் இருவேறு அளவுச் செங்கற்களும் எந்தப் பகுதி எப்போது சேர்ந்தது என்பதற்குச் சாட்சி. அவற்றைப் பழைய கணக்குப் புத்தகங்களோடு ஒப்பிட்டால் பங்கின் வரலாறே கிடைக்கலாம். ஒழுகும் கூரையையும் அடைபட்ட வடிகாலையும் முதலில் பாருங்கள். சுவரைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் தளத்தை அகற்றினாலே பாதி ஓதம் இறங்கக்கூடும். பூச்சு வேலைக்குச் சுண்ணாம்பு அறிந்த கொத்தனாரைத் தேடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எதைக் கொத்தப் போகிறீர்கள், எதைப் பூசப் போகிறீர்கள் என்பதை ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மக்கள் முன் வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பங்குமக்களில் ஒருவன்